இரு மொழிகளில் ஒரு காதலன்: கல்யாண்குமாரின் இரு பாத்திரங்கள் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் பற்றிய கல்விப்புல ஆய்வு பெரும்பாலும் புறத்தலைவர்களின் ஆய்வாகவே வளர்ந்துள்ளது. கா. சிவத்தம்பி, சு. தியடோர் பாஸ்கரன் ஆகியோர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல்களும், எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் திரைக்கும் அரசியலுக்கும் இடையிலான உறவை ஆராய்ந்து அத்துறைக்கு அடித்தளம் இட்டன. அவ்வழியில் பின்வந்த ஆய்வாளர்களும் வீரம், கொடை, கொடி, மன்றம் என்பனவற்றையே மிகுதியும் நோக்கினர். இதன் விளைவாக, வாளும் மேடையும் இன்றிக் காதலை மட்டுமே கொண்டு மக்கள் மனத்தில் இடம்பெற்ற நடிகர்கள் ஆய்வின் விளிம்பிலேயே நின்றுவிட்டனர். அவர்களுள்ளும் மொழி எல்லையைக் கடந்து வந்தவர்களின் நிலை மேலும் இரங்கத்தக்கது. தமிழ்த் திரைவரலாறு அவர்களை அயலவர் என்று சுருக்கமாகக் கூறிச் செல்லும். அவர்தம் மொழியின் திரைவரலாறோ தமிழில் அவர்கள் செய்தவற்றைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெங்களூருவில் பிறந்து, கன்னடத்திலும் தமிழிலும் காதல் நாயகனாக விளங்கிய கல்யாண்குமார் இந்நிலைக்குத் தக்க சான்றாவார். அவர் தமிழில் நடித்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962), கன்னடத்தில் நடித்த ‘பெள்ளி மோட’ (1967) ஆகிய இரு படங்களையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. ஒரே நடிகரின் கனிந்த முகத்தை ஒரு மொழி தியாகத்தின் முகமாகவும், மற்றொரு மொழி விசாரணைக்குரிய முகமாகவும் ஆக்கிக்கொண்டது என்பதும், இவ்வேறுபாடு அவ்விரு கதைகளிலும் பெண்ணின் சொல்லுக்கு அளிக்கப்பட்ட இடத்தைப் புலப்படுத்துகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

வாழ்வும் திரைப்பயணமும்

கல்யாண்குமாரின் இயற்பெயர் சம்பத்குமார். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நடசேகர’ என்னும் கன்னடப் படத்தின் வழியாக அவர் திரையுலகில் அறிமுகமானார். ‘பேடர கண்ணப்ப’ என்னும் படத்தின் வழியாக ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். 1956ஆம் ஆண்டில் ‘பாக்யோதய’ படத்தின் மூலம் உதயகுமார் வந்து சேர, இம்மூவரும் கன்னடத் திரையின் ‘மூன்று குமார்கள்’ என வழங்கப்பட்டனர். புராண, வரலாற்று வீரப் பாத்திரங்கள் ராஜ்குமாருக்கும், வலிமையும் சினமும் மிக்க பாத்திரங்கள் உதயகுமாருக்கும் மிகுதியாக அமைந்தன. மென்மையும் படிப்பும் நகர வாழ்வின் நயமும் கொண்ட பாத்திரங்கள் கல்யாண்குமாரைத் தேடி வந்தன. ‘பூகைலாச’ (1958) படத்தில் ராஜ்குமார் இராவணனாகத் தோன்ற, கல்யாண்குமார் நாரதராகத் தோன்றினார். இப்பகிர்வு இருவரின் திரை ஆளுமைகளையும் ஒருவாறு சுட்டி நிற்கிறது. 1962ஆம் ஆண்டில் ஜி. வி. ஐயர் இயக்கிய ‘பூதான’ படத்தில் மூவரும் ஒருங்கே நடித்தனர்.

கன்னடத்தின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அமரசில்பி ஜகணாசாரி’ (1964) கல்யாண்குமாரின் கன்னட வாழ்வில் ஓர் உச்சமாகும். பி. எஸ். ரங்கா இயக்கிய அப்படத்தில் ஹொய்சளச் சிற்பி ஜகணாசாரியாக அவரும், அவருடைய மனைவியாக பி. சரோஜாதேவியும் நடித்தனர். அதே கதை தெலுங்கில் எடுக்கப்பட்டபோது சிற்பியின் பாத்திரத்தை ஏற்றவர் அக்கினேனி நாகேசுவரராவ் ஆவார். கன்னடப் பதிப்பிற்கு ஒரு நாயகன், தெலுங்குப் பதிப்பிற்கு வேறொரு நாயகன் என்ற நிலையில், நாயகி மட்டும் இரண்டிலும் ஒருவராகவே இருந்தார் என்பது கருதத்தக்கது.

இச்செய்தி தனித்த நிகழ்ச்சி அன்று. 1956ஆம் ஆண்டின் மொழிவழி மாநிலச் சீரமைப்பிற்குப் பின்னர், தென்னிந்தியத் திரையின் கதாநாயகன் படிப்படியாக ஒரு மொழியின் பிரதிநிதியாக மாறினான். அவனுடைய உச்சரிப்பும், அவன் பேசும் வசனமும், அவன் மேடையில் தோன்றும் தோற்றமும் அம்மொழி மக்களின் தன்மதிப்போடு பிணைந்தன. நாயகிக்கு இச்சுமை இல்லை. பெங்களூருவில் பிறந்த சரோஜாதேவி தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என நான்கு மொழிகளிலும் முன்னணியில் நிற்க முடிந்தது. அதே நகரில் பிறந்த கல்யாண்குமாருக்குத் தமிழில் சில ஆண்டுகளே கிடைத்தன. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பெற்ற வெற்றியைத் தொடர்ந்து ‘மணி ஓசை’ (1963) முதலிய தமிழ்ப் படங்களில் நடித்தார். ஆயினும் தமிழில் நிலையான நாயகனாக அவர் வேரூன்றவில்லை. அதே பெங்களூருவிலிருந்து வந்த ரஜினிகாந்த் 1975ஆம் ஆண்டில் ‘அபூர்வ ராகங்கள்’ வழியாகத் தமிழில் அறிமுகமாகிப் பெரும்புகழ் எய்தினார் என்பது இதற்கு மறுப்பாகத் தோன்றலாம். எனினும், அவர் கன்னடத் திரையில் ஒரு நாயகனாக நிலைபெற்ற பின்னர் வந்தவர் அல்லர். தம் நாயகத் தன்மையைத் தமிழிலேயே உருவாக்கிக்கொண்டவர். கல்யாண்குமாரோ ஒரு மொழியில் நாயகனாக அறியப்பட்ட பின்னர் மற்றொரு மொழிக்கு வந்தவர்.

1966ஆம் ஆண்டில் ‘லவ் இன் பெங்களூர்’ என்னும் கன்னடப் படத்தை இயக்கியும் அவர் தம் திறனைச் சோதித்துப் பார்த்தார். பிற்காலத்தில் குணச்சித்திரப் பாத்திரங்களில் நடித்துவந்த அவர் 1999ஆம் ஆண்டில் மறைந்தார்.

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’: பரிசு பெறாத காதலன்

இயக்குநர் ஸ்ரீதருக்குக் காதலில் தோற்கும் ஆண் புதியவன் அல்லன். அவருடைய முதல் இயக்கமான ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் ஜெமினி கணேசன் ஏற்ற பாஸ்கர் என்னும் பாத்திரம், தான் விரும்பியவளின் திருமணத்தன்று தன் குழந்தையையே அவளிடம் பரிசாக அளித்துவிட்டுத் தனியே நடந்து செல்கிறது. மூன்றாண்டுகளுக்குப் பின்னர் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் ஸ்ரீதர் இப்பொருளை மேலும் இறுக்கினார். பெரும் நட்சத்திரங்கள் எவருமின்றி, கதை நிகழிடத்தைப் பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள் அடக்கி, ஒரு மாதத்திற்குள் படப்பிடிப்பை முடித்தார். கல்யாண்குமார் மருத்துவர் முரளியாகவும், தேவிகா சீதாவாகவும், முத்துராமன் அவள் கணவன் வேணுவாகவும் நடித்தனர். ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு செய்தார். விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைக்க, கண்ணதாசன் பாடல்களை எழுதினார். படம் அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது.

கதை யாவரும் அறிந்தது. புற்றுநோயுற்ற வேணு தன் மனைவியுடன் மருத்துவமனைக்கு வருகிறான். அவனுக்கு மருத்துவம் செய்ய வேண்டியவன், முன்னொரு காலத்தில் சீதாவைக் காதலித்த முரளி. உண்மை அறிந்த வேணு, தான் இறந்துவிட்டால் சீதா முரளியை மணக்க வேண்டும் என்கிறான். சீதா அதனை ஏற்க மறுக்கிறாள். தன் கணவனின் உயிர் முன்னாள் காதலனின் கையில் இருப்பதை எண்ணி அஞ்சவும் செய்கிறாள். முரளி தன்னையே வருத்திக்கொண்டு உழைத்து, அறுவை மருத்துவத்தை வெற்றியாக முடித்து, அக்களைப்பிலேயே உயிர் விடுகிறான். அவன் பெயரால் ஒரு மருத்துவமனை எழுகிறது.

இக்கதையை அகமரபோடு இயைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. சங்க அகப்பாடல்களில் நொதுமலர் வரைவு என்பது ஓர் அச்சமாகவே நிற்கும். அயலார் பெண்கேட்டு வருவர். தோழி அறத்தொடு நிற்பாள். உடன்போக்கோ வரைவோ நிகழும். தலைவி அயலான் ஒருவனுக்கு மனைவியாகிவிட்டாள் என்னும் நிலையை அம்மரபு பாடுவதில்லை. அகம் எங்கு வாய்மூடுகிறதோ அங்குதான் இப்படம் வாய்திறக்கிறது. எனவே முரளிக்கு மரபில் ஒரு பெயர் இல்லை. அவனுடையது கைக்கிளை அன்று. காதல் ஒரு காலத்தில் இருபாலும் இருந்தது. பெருந்திணையும் அன்று, அவன் பொருந்தாத ஒன்றை நாடவில்லை. திணைகளுக்கு வெளியே நிற்கும் இவ்வாண்மகனுக்கு உருவம் தரும் பொறுப்பு நடிகரைச் சேர்ந்தது.

கல்யாண்குமார் அதனை அடக்கத்தால் நிறைவேற்றினார். முரளியின் துயரம் வசனத்தில் பெருகுவதில்லை. வெண்ணிற மேலங்கியும், தாழ்ந்த குரலும், பார்வையை விலக்கிக்கொள்ளும் பழக்கமும் அதனைச் சுமக்கின்றன. சிவாஜி கணேசனின் நடிப்பு தமிழ்ப் பார்வையாளரைச் சொல்லின் பெருக்கிற்குப் பழக்கியிருந்த காலம் அது. அக்காலத்தில் உணர்ச்சியை உள்ளிழுத்துக்கொள்ளும் இந்நடிப்பு வேறொரு சுவையைத் தந்தது. கல்யாண்குமார் தமிழ் உள்ளங்களில் அப்போது பெரும் நாயக உருவமாகப் பதியாதிருந்தமையும் இதற்குத் துணைசெய்தது; பார்வையாளர் அவரிடம் ஒரு வீரனை எதிர்பார்க்கவில்லை. சீதாவை வாழ்த்தி முரளி பாடும் பாடலில் ஏ. எல். ராகவனின் மெல்லிய குரலும் அம்முகத்தோடு இயைந்து நிற்கிறது.

இதே பொருளை ஆலிவுட் கையாண்ட முறையோடு ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். 1954ஆம் ஆண்டில் டக்ளஸ் சர்க் இயக்கிய ‘மேக்னிபிசென்ட் அப்செஷன்’ படத்தில், அக்காலக் காதல் நாயகனான ராக் ஹட்சன் மருத்துவனாகிறான். தன் பொறுப்பின்மையால் கணவனையும் பார்வையையும் இழந்த பெண்ணுக்கு அவனே அறுவை செய்து பார்வையை மீட்கிறான். முடிவில் அவளையும் அடைகிறான். அங்கு மருத்துவம் காதலை ஈட்டித் தரும் கழுவாய். ஸ்ரீதரின் படத்தில் முரளி எக்குற்றமும் செய்யாதவன். ஆயினும் அவனுக்குக் கிடைப்பது இறப்பு.

இறப்பால் மூடப்பட்ட வினா

இவ்விறப்பைத் தியாகத்தின் சிகரம் என்று போற்றுவதே வழக்கம். அப்போற்றுதல் முற்றும் பிழையன்று. முரளியின் பெயரால் எழும் மருத்துவமனையை, அகத்தலைவன் ஒருவனுக்குப் புறத்தில் எழுந்த நடுகல் எனக் கருதலாம். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்ட சமூகம், கடமையில் வீழ்ந்த காதலனுக்கு மருத்துவமனை எழுப்புகிறது. காதல் பொதுநன்மையாக உருமாறும் இவ்விடம் படத்தின் பெருமைக்குரிய இடமே.

எனினும், திறனாய்வு இங்கு நின்றுவிடலாகாது. வேணு எழுப்பிய வினா என்னவாயிற்று என்பதும் கேட்கப்பட வேண்டும். கைம்பெண் மறுமணம் என்பது தமிழ்ச் சமூகம் நெடுங்காலம் விவாதித்த பொருள். வேணு அதனைப் பெருந்தன்மையோடு எழுப்புகிறான். ஆனால் அப்பெருந்தன்மை சீதாவைக் கேளாமல் அவளைக் கைமாற்றித் தருவதாகவே அமைகிறது. சீதா மறுக்கும்போது அவள் மறுப்புக் கற்பின் மொழியில் மட்டுமே வெளிப்படுகிறது. தான் ஒரு காலத்தில் முரளியை விரும்பியதைப் பற்றியோ, அவனைப் பிரிந்தபோது தான் உற்றதைப் பற்றியோ அவள் தன் சொல்லில் விரித்துரைக்கக் கதை இடம் தருவதில்லை. இரு ஆண்களின் பெருந்தன்மைக்கும் இடையில் அவள் ஒரு சான்றாக நிற்கிறாள். பின்னர் வேணு பிழைக்கிறான், முரளி இறக்கிறான். வினாவை எழுப்பிய சூழலும், வினாவின் மறுமுனையில் நின்ற ஆளும் ஒருங்கே நீங்கிவிடுகின்றனர். விடை கூற வேண்டிய தேவையே எழாமல் கதை முடிகிறது. முரளி உயிரோடு இருந்திருப்பின், மறுநாள் அம்மூவரும் ஒருவரையொருவர் எவ்வாறு எதிர்கொண்டிருப்பர் என்பதே கடினமான பகுதி. அப்பகுதியைப் படம் தவிர்த்துவிட்டது. கல்யாண்குமாரின் கனிந்த முகம் இத்தவிர்ப்பைப் பார்வையாளர் உணராதவாறு மறைத்துவிடுகிறது.

தலைப்பிலுள்ள ‘ஆலயம்’ என்னும் சொல்லும் இங்குக் கருதற்குரியது. ஆலயத்தில் அமர்ந்த உரு வணங்கப்படும். அதனிடம் கருத்துக் கேட்கப்படுவதில்லை.

‘பெள்ளி மோட’: மறுக்கப்பட்ட காதலன்

ஐந்தாண்டுகளுக்குப் பின்னர் கன்னடத்தில் வெளிவந்த ‘பெள்ளி மோட’ இவ்வினாவை எதிர்முனையிலிருந்து அணுகுகிறது. தலைப்பு ‘வெள்ளி மேகம்’ எனப் பொருள்படும். 1963ஆம் ஆண்டில் மறைந்த திரிவேணி என்னும் கன்னடப் பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவியது இப்படம். புட்டண்ண கணகால் கன்னடத்தில் தனித்து இயக்கிய முதல் படமும் இதுவே. சிக்கமகளூர் மலைப்பகுதியின் பின்னணியில் படமாக்கப்பட்டது. கவிஞர் த. ரா. பேந்திரேயின் கவிதையொன்று இதில் பாடலாக இடம்பெற்று இன்றளவும் போற்றப்படுகிறது.

சதாசிவராவ் என்னும் தோட்ட உரிமையாளரின் ஒரே மகள் இந்திரா. பொருள் வசதியற்ற மோகன் அமெரிக்காவில் உயர்கல்வி பெறச் சதாசிவராவ் உதவுகிறார். இந்திராவை அவனுக்கு மணம் முடிக்கவும் எண்ணுகிறார். இருவரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். மோகன் அயல்நாட்டில் இருக்கையில் இந்திராவின் தாய் ஓர் ஆண்குழந்தையைப் பெற்று இறக்கிறாள். சொத்துக்கு வேறொரு உரியவன் பிறந்துவிட்டமை அறிந்ததும், திரும்பிவந்த மோகன் திருமணத்திலிருந்து விலகுகிறான். பின்னர் மலையிலிருந்து வீழ்ந்து படுகாயமுறும் அவனுக்கு இந்திராவே பணிவிடை செய்கிறாள். உடல் தேறி, மனமும் மாறிய மோகன் அவளை மணக்க விழைகிறான். இந்திரா மறுத்துவிடுகிறாள். மோகனாகக் கல்யாண்குமாரும் இந்திராவாகக் கல்பனாவும் நடித்தனர்.

இரு படங்களுக்கும் இடையே நோய்ப்படுக்கை ஒரு பாலமாக அமைகிறது. தமிழ்ப் படத்தில் கல்யாண்குமார் படுக்கையருகே நின்று உயிர் காப்பவர். கன்னடப் படத்தில் அவரே படுக்கையில் கிடப்பவர். முன்னதில் பணிவிடை காதலின் உயர்வை நிறுவுகிறது. பின்னதிலோ பணிவிடையும் காதலும் வேறுவேறு என்று ஒரு பெண் அறுதியிட்டுக் கூறுகிறாள். துன்புற்றவனுக்கு உதவுவது அவள் அறம். அவனை மணப்பது அவள் விருப்பம். ஒன்றைச் செய்தமையால் மற்றதற்கு அவள் கடன்பட்டவள் ஆகமாட்டாள்.

மருதத்திணையோடு ஒப்பிடின் இம்மறுப்பின் புதுமை விளங்கும். தவறிழைத்துத் திரும்பும் தலைவனுக்குத் தலைவியோ தோழியோ வாயில் மறுப்பர். அம்மறுப்பு ஊடலின் ஒரு படி. அதனை அடுத்து வாயில் நேர்தல் நிகழும். தலைவியின் சினம் தணிவதற்காகவே சினமாக அங்கு அமைந்தது. இந்திராவின் கதையில் வாயில் மறுத்தல் உண்டு. வாயில் நேர்தல் இல்லை. திரிவேணி மருதப் பாடல்களை உளங்கொண்டு எழுதினார் என்பது இதன் பொருளன்று. மரபு வழங்கிய முடிவை நவீன நாவல் எவ்விடத்தில் நிறுத்திக்கொண்டது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது என்பதே கருத்து.

இங்கு நடிகரின் தேர்வு பெரிதும் முக்கியத்துவம் பெறுகிறது. பேராசை கொண்டவனாகத் தோற்றத்திலேயே புலப்படும் ஒருவர் மோகனாக நடித்திருப்பின், இந்திராவின் மறுப்பு எளிதாகியிருக்கும். பார்வையாளரும் உடனே அவள் பக்கம் நின்றிருப்பர். கல்யாண்குமாரின் முகமோ மன்னிப்பை வேண்டி நிற்கும் முகம். பத்தாண்டுகளுக்கும் மேலாக அம்முகத்தை நல்லவனின் முகமாகவே கன்னடப் பார்வையாளர் அறிந்திருந்தனர். மோகனின் மனமாற்றமும் போலியன்று. ஆகவே அவர்கள் அவனை மன்னிக்க ஆயத்தமாகின்றனர். இந்திராவும் மன்னிக்க வேண்டும் என எதிர்பார்க்கின்றனர். அந்நிலையில் அவள் மறுக்கிறாள். ஒரு காதல் நாயகனின் கவர்ச்சியைப் பயன்படுத்தியே அக்கவர்ச்சி ஒரு பெண்ணின் முடிவை விலைக்கு வாங்கும் உரிமை உடையதன்று என்பதைப் புட்டண்ணா நிறுவுகிறார். தம் நாயகப் பிம்பத்திற்கு எதிரான இப்பாத்திரத்தை ஏற்றமை கல்யாண்குமாரின் கலைத்துணிவிற்குச் சான்றாகும்.

ஒப்பீட்டின் பயன்

இவ்வொப்பீட்டிலிருந்து தமிழ் பிற்போக்கானது, கன்னடம் முற்போக்கானது என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. இரு மொழிகளிலும் இருவகைக் கதைகளும் உண்டு. ‘பெள்ளி மோட’ படத்திற்கு ஒரு பெண் எழுதிய நாவல் அடிப்படையாக இருந்தது. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஸ்ரீதரே படைத்த கதை. வேறுபாட்டிற்கான முதற்காரணத்தை மொழியில் தேடுவதினும் கதை பிறந்த இடத்தில் தேடுவதே பொருத்தமுடையது. தியாகம் செய்யும் ஆணின் நோக்கிலிருந்து கூறப்படும் காதல்கதை அவனுடைய இறப்பில் நிறைவுறும். கைவிடப்பட்ட பெண்ணின் நோக்கிலிருந்து கூறப்படும் கதைக்கு அவன் திரும்பிவந்த பின்னரே உயிர்ப்பான பகுதி தொடங்கும்.

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பின்னர் இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ (1963) எனவும், தெலுங்கில் ‘மனசே மந்திரம்’ (1966) எனவும் எடுக்கப்பட்டது. இந்தியில் ராஜேந்திரகுமாரும் தெலுங்கில் நாகேசுவரராவும் மருத்துவர் பாத்திரத்தை ஏற்றனர். கதை எல்லைகளைக் கடந்து சென்றது. அதற்கு முதலில் முகம் தந்த நடிகரோ எல்லையிலேயே நின்றுவிட்டார். தமிழில் அவர் ஒரு படத்தின் நடிகராகவும், கன்னடத்தில் ராஜ்குமாரின் பேரொளியில் மங்கிய இருவருள் ஒருவராகவும் நினைவுகூரப்படுகிறார். இரு மொழிகளிலும் அவர் செய்தவற்றை அருகருகே வைக்கும்போதுதான் அவருடைய கலையின் அகலம் புலப்படுகிறது. ஒரு மொழியின் எல்லைக்குள் எழுதப்படும் வரலாறு இவ்வகலத்தைக் காண இயலாது.

தொகுப்புரை

கல்யாண்குமார் ஒரே கனிந்த நடிப்பால் இரு மொழிகளில் இருவேறு ஆண்களைப் படைத்தார். முரளியின் இறப்பு, கைம்பெண்ணின் வாழ்வு பற்றிய ஒரு வினாவை விடையின்றி மூடியது. மோகனுக்குக் கிடைத்த மறுப்பு, அவ்வினாவிற்கு விடைகூறும் உரிமை பெண்ணுக்கே உண்டு என்பதைத் திறந்து காட்டியது. காதல் நாயகனை ஆராய்வது பொழுதுபோக்கு ஆய்வன்று. ஒரு சமூகம் எவரைப் பேச வைத்தது, எவரை வணங்கி வாயடைத்தது என்பதை அறியும் வழியாகும். அகத்திணை மரபில் பயிற்சியுடைய தமிழாய்வாளர்களுக்கு இவ்வாய்விற்கான கருவிகள் கைவசம் உள்ளன. கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள தமிழ், கன்னடத் துறைகள் இவ்விரு படங்களையும், திரிவேணியின் நாவலையும் ஒருங்கே பாடமாகக் கொள்ளுமாயின், திரைவரலாறும் இலக்கிய ஒப்பாய்வும் ஒருசேர வளம்பெறும்.